ஐந்து முதுகுகளும் ஒரு வாயும்

தோற்றுப் போனதுகூட ஏமஸ் கில்லரியை அவ்வளவாக எரிக்கவில்லை. நான்கு வருஷமாக டெல்மான்ட் பல்கலைக்கழகத்தின், கையால் வீசி முட்டி மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணியின் முன்வரிசையில், நட்டநடுவில் குனிந்து நிற்கிறவன் அவன். லூயிசியானாவில் அந்த அணி தோற்பது புதுச் செய்தி இல்லை. ஆர்கன்சாவுக்குப் போய் முப்பத்தொன்றுக்கு மூன்று என்று உதை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, முழங்கால் வலிதான் அவனுக்குப் பெரிதாக இருந்தது. அப்போது பக்கத்து இருக்கையிலிருந்த பிரிஸ்கோ தன் போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இதப் பாருடா. நம்ம ராஜகுமாரன் என்ன பேசியிருக்கான்னு பாரு."

போனில் பெக்கட் லாரிமர் தெரிந்தான். அணியின் குவார்ட்டர்பேக். ஏமஸ் காலிடுக்கு வழியாகப் பின்னால் தரும் பந்தை வாங்கி, ஓடுகிறவர்களுக்கு வீச வேண்டியவன். குளித்துத் தலை வாரி, பத்திரிகைக்காரர்களின் மைக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மூன்று ஆட்டமாகப் பந்தை எதிர்க் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லையே, என்னதான் கோளாறு என்று யாரோ கேட்டார்கள். பெக்கட் சிரித்தான்.

"மல்லாக்கப் படுத்துக்கிட்டே பந்து வீச எங்க ஊர்ல யாரும் சொல்லித் தரலீங்க. என்னை ரெண்டு நொடி நிக்க விட்டா, வீசிக் காட்டுறேன்."

கேட்டவர்கள் கொல்லென்று சிரிக்கும் சத்தமும் அதில் பதிவாகியிருந்தது.

பிரிஸ்கோ அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டான். ஒவ்வொரு முறையும் சத்தத்தை ஏற்றினான். பெக்கட் மீது யாரும் வந்து விழாமல் மறித்து நிற்பதுதான் முன்வரிசை ஐந்து பேரின் வேலை. பிரிஸ்கோ ஏமஸின் இடது கைப்பக்கம் நிற்கிறவன். முதல் வருஷத்திலிருந்தே இருவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள், ஒரே சட்டியில் சமைத்துத் தின்றார்கள். எந்தச் செய்தித்தாளிலும் அவர்கள் பெயர் வராது. வந்தால் அது தப்புச் செய்த அன்றைக்காகத்தான் இருக்கும். அந்த ஐந்து பேரையும் பெக்கட் இப்போது ஊர் முழுக்கச் சந்தி சிரிக்க வைத்துவிட்டான்.

"நாலு காலேஜ் மாறி வந்த டெக்சாஸ்காரன் நம்மளப் பேசுறான்" என்றான் பிரிஸ்கோ, முன்னிருக்கைகளுக்குக் கேட்கிற மாதிரி. "சரி. இனிமே அவனே அவனக் காப்பாத்திக்கட்டும்."

முன்னால் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்த பெக்கட் திரும்பவே இல்லை. கேட்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறவனுடைய கழுத்து எப்படி விறைக்கும் என்று ஏமஸுக்குத் தெரியும். அவன் கழுத்து விறைத்துத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஊரே அவர்களுக்கு எதிரியாகியிருந்தது. ஸ்டேடியம் வாசலில் யாரோ சாலையில் வைக்கும் ஆரஞ்சுக் கூம்புகள் ஐந்தை வரிசையாக நிறுத்தி, முன்வரிசைக்காரர்களின் சட்டை எண்களை அவற்றில் ஒட்டியிருந்தார்கள். மாணவர்கள் அவற்றோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரிஸ்கோ வண்டியை நிறுத்தி இறங்கி ஐந்தையும் உதைத்துத் தள்ளினான். அதையும் ஒருத்தி படம் பிடித்தாள்.

பெட்ரோல் பங்கையொட்டிய கடையில் பூடான் வாங்க நின்றார்கள். அரிசியும் பன்றியிறைச்சியும் திணித்த அந்தச் சூடான குழலை ஏமஸ் வாரம் தவறாமல் அங்கேதான் தின்பான். கல்லாவில் இருக்கும் மிஸ் ஒடெட் எப்போதும் கூட ஒன்று வைத்துக் கட்டுவாள். இன்றைக்கு வைக்கவில்லை.

"என்ன மிஸ் ஒடெட், ஒன்னு குறையுது?"

"நீங்களும் சனிக்கிழமை ஏழு முறை ஆள உள்ள விட்டீங்களே கண்ணு. நான் ஏதாவது கேட்டேனா?"

கடை ரேடியோவில் நேயர்கள் போன் போட்டுத் திட்டும் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கரகரத்த குரல் வந்தது. பெயர் சொல்ல விருப்பமில்லையாம், பழைய ரசிகனாம்.

"அந்த நடுவுல நிக்கிற கில்லரிப் பையன் இருக்கானே, அவனுக்குப் பதிலா ஒரு பழைய ஃப்ரிட்ஜக் கொண்டாந்து நிறுத்துங்க. அதாவது கொஞ்ச நேரம் அந்த எடத்துல நிக்கும். இவன் நிக்கவே மாட்டேங்குறான்."

சொல்லிவிட்டு அந்தக் குரல் இருமியது. ஏமஸின் கை பையிலேயே நின்றுவிட்டது.

"உங்க எல்மோர் மாமா குரல் மாதிரி இருக்கே?" என்றாள் மிஸ் ஒடெட்.

"மாதிரியா? அவரேதான்."

வண்டியில் ஏறியதும் போன் போட்டான். மாமா எடுத்தவுடனேயே, "உன்னச் சொல்லலடா, உன் ஆட்டத்தச் சொன்னேன்" என்றார். ஏமஸ் போனை வைத்துவிட்டான். பிரிஸ்கோ ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். சிரித்து முடித்தவுடனேயே அவன் முகம் மாறியது. "இதெல்லாம் அவன் வாயால வந்தது. ஒரே ஒரு வாய்" என்றான்.

பிற்பகல், தோற்ற ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுக் காட்ட எல்லாரையும் அறையில் உட்கார வைத்தார் கோச் மெக்ரே. தலைமைக் கோச் அவர்தான். தாக்குதல் ஆட்டத்தை வகுப்பதும் அவரேதான். வழுக்கைத் தலை, சிவந்த கழுத்து. இந்தப் பருவம் முடியும்போது தன் வேலையும் முடிந்துவிடும் என்று தெரிந்த ஆளின் பேச்சு. பெக்கட் மடக்கிச் சாய்க்கப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் படத்தை நிறுத்தி நிறுத்தி, "அழகு. ரொம்ப அழகு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதில் அவர் கெட்ட வார்த்தையிலேயே திட்டியிருக்கலாம்.

ஏமஸால் பொறுக்க முடியவில்லை. "கோச், அவன் கையப் பாருங்க. பந்த வாங்கிக்கிட்டு கொழந்தையத் தூங்க வெக்கிற மாதிரி கட்டிப்பிடிச்சிட்டு நிக்கிறான். வீசவே மாட்டேங்குறான். எவ்வளவு நேரம்தான் நாங்க மறிக்கிறது?"

பின்வரிசையிலிருந்து பெக்கட் எழுந்து வந்தான். மேசையிலிருந்த ரிமோட்டை எடுத்தான். "நான் ஒன்னு காட்டலாமா கோச்?"

மெக்ரே தோளைக் குலுக்கினார்.

"யாரும் ஆளப் பாக்காதீங்க. என்னையும் பாக்காதீங்க. ஏமஸ் தலைய மட்டும் பாருங்க."

ஆர்கன்சாவின் கூட்டம் போட்ட இரைச்சலில் குவார்ட்டர்பேக் கத்துவது காதில் விழாது. அதனால் ஏமஸ் குனிந்த நிலையில் காலிடுக்கு வழியாகப் பின்னால் பார்ப்பான். பெக்கட் தயார் என்று காலைத் தூக்கிக் காட்டுவான். ஏமஸ் தலையை நிமிர்த்தி எதிராளியைப் பார்ப்பான். மனசுக்குள் ஓர் எண்ணிக்கை. பிறகு பந்தைக் கொடுப்பான். அதுதான் ஏற்பாடு.

பெக்கட் படத்தை ஓடவிட்டுவிட்டுத் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான். "பிரிஸ்கோ, அவன் தலை நிமிர்றப்போ 'தலை'ன்னு சொல்லு."

பிரிஸ்கோ முறைத்தான். வேறொருவன் சொன்னான். "தலை."

பெக்கட் ஒன்று எண்ணுகிற நேரம் விட்டு விரலைச் சொடுக்கினான். அந்தச் சொடுக்கோடு திரையில் பந்து நகர்ந்தது.

"தலை."

சொடுக்கு. பந்து.

ஆட்டம் முழுக்க அப்படித்தான். சுவரைப் பார்த்து நின்ற பெக்கட்டின் விரல் ஒருமுறைகூடத் தப்பவில்லை. அவனுக்குத் தெரிந்தது எதிரணிக்கும் தெரிந்திருந்தது. அவர்களுடைய முரட்டு ஆட்கள் ஏமஸின் தலை நிமிர்ந்ததுமே பாயத் தயாரானார்கள். பந்து அசைந்த அதே கணத்தில் அவர்கள் காலும் தரையை விட்டது. இவர்கள் ஐந்து பேரும் எழுந்து கையை நீட்டுவதற்குள் எதிராளி தோளைத் தாண்டிப் போயிருந்தான்.

ஏமஸுக்குக் காது மடல் சுட்டது.

"எப்ப பாத்த இத?" என்றான்.

"ரெண்டாம் பாதி ஆரம்பத்துல."

"ஆட்டத்துலயே தெரியுமா? தெரிஞ்சும் சொல்லாம, மைக்கு முன்னாடி போய் இளிச்சியா?"

"சொல்ல வந்தேன். பெஞ்சுல உன் முன்னாடி முட்டி போட்டு உக்காந்தேன். 'உன் தலைய'ன்னு ஆரம்பிச்சேன். நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? நெனச்சுப் பாரு."

ஏமஸ் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. கோச் பக்கம் திரும்பினான். "உங்க கண்ணுக்கும் தப்பிச்சிருச்சே கோச்? மேல கண்ணாடி ரூம்ல உங்க ஆளுங்க மூணு பேரு உக்காந்திருந்தாங்களே, அவங்க என்ன பாத்தாங்க?"

மெக்ரேயின் கழுத்துச் சிவப்பு தலைக்கு ஏறியது. "ஸ்டேடியம் படிக்கட்டுல போய் ஓடு. நான் போதும்னு சொல்ற வரைக்கும் ஓடு."

ஓடும்போது எல்லாம் ஞாபகம் வந்தது. பெக்கட் வந்து முட்டி போட்டதும், வியர்வை வழிய அவன் பேச ஆரம்பித்ததும், தான் அவன் மார்பில் கையை வைத்துத் தள்ளியதும். 'என் தலைய விட்டுட்டு உன் கையப் பாருடா, போ' என்று சொல்லியிருந்தான். அதற்கு மற்ற நால்வரும் சிரித்திருந்தார்கள். ஆக, உள்ளே ஆளை விட்டது தன் தலைதான். எல்மோர் மாமா சொன்ன ஃப்ரிட்ஜுக்குத் தலை இருந்திருக்காது, அது ஒன்றுதான் வித்தியாசம். இப்படி நினைக்க நினைக்க பெக்கட் மேல் கோபம் குறைய வேண்டும். குறையவில்லை. அவன் சொன்னது சரியாகிப் போனதில் கோபம் இன்னும் கூடியது.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் குவார்ட்டர்பேக் மஞ்சள் சட்டை போட்டிருந்தான். மஞ்சள் சட்டைக்காரனைத் தொடக் கூடாது என்பது சட்டம். மூன்றாம் தடவை பந்தைக் கொடுத்த கையோடு ஏமஸ் தன் எதிராளியைப் பிடித்தான். அப்போது ஓரக்கண்ணில் இடது பக்கம் தெரிந்தது. பிரிஸ்கோ, வந்தவருக்குக் கதவைத் திறந்து விடுகிறவன் மாதிரி, நிதானமாக ஒரு கால் எடுத்து ஒதுங்கி நின்றான். அவனை முட்ட வந்த இளம் பையன், வழி இவ்வளவு அகலமாகத் திறக்கும் என்று எதிர்பார்க்காமல், நிறுத்தவும் முடியாமல், முழு வேகத்தில் பெக்கட்டின் விலாவில் போய் விழுந்தான்.

பெக்கட் கொஞ்ச நேரம் எழவில்லை. எழுந்தவன் விலாவைப் பிடித்துக்கொண்டே பந்தைப் பிரிஸ்கோவின் முகத்தில் ஓங்கி எறிந்தான். அப்புறம் ஒரே அடிதடி. ஹெல்மெட்டைப் பிடித்து இழுப்பதும் கடிப்பதும் மண்ணில் உருள்வதுமாக, விசில் ஊதி ஊதி மூன்று கோச்சுகளுக்குத் தொண்டை வறண்டது.

பிரித்து நிறுத்திய பிறகு மெக்ரே பிரிஸ்கோவின் முன்னால் வந்து நின்றார். "வேணும்னு விட்டியா?"

"கால் வழுக்கிருச்சு கோச்."

மழை பெய்து பத்து நாளாகியிருந்தது. புல் காய்ந்து கிடந்தது. மெக்ரே கீழே பார்த்தார். பிறகு ஏமஸைப் பார்த்தார். "பக்கத்துல நின்னவன் நீ. வழுக்குச்சா?"

முன்வரிசையின் மற்ற மூன்று பேரும் ஏமஸைப் பார்த்தார்கள். பிரிஸ்கோ பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பான். நான்கு வருஷம். அவன் அப்பா இறந்தபோது ஏமஸ்தான் ராத்திரி முழுக்க வண்டியோட்டி அவனை ஊரில் கொண்டுபோய் விட்டான். ஏமஸ் தோள்பட்டை விலகிக் கிடந்தபோது அவனுக்குச் சட்டை மாட்டி விட்டவன் பிரிஸ்கோ.

"வழுக்கல" என்றான் ஏமஸ்.

பிரிஸ்கோ இப்போது திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை.

"உன்ன வெளிய தூக்கிப் போட்டா அந்த எடத்துல நிறுத்த எனக்கு வேற ஆளில்ல" என்றார் மெக்ரே பிரிஸ்கோவிடம். "அதுதான் உன் அதிர்ஷ்டம். ஓடு."

பிரிஸ்கோ வாந்தி எடுக்கிற வரைக்கும் ஓடினான். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடினான்.

உடை மாற்றும் அறையில் பெக்கட் விலாவில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தான். ஏமஸ் கடந்து போனபோது நிமிராமலே சொன்னான்: "எனக்காகச் சாட்சி சொல்லுன்னு உன்னக் கேக்கல."

"உனக்காகச் சொல்லலடா."

"பின்ன யாருக்காக?"

ஏமஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தான். அவன் வீட்டுக்குப் போனபோது பிரிஸ்கோ தன் துணிமணிகளைக் கறுப்புப் பைகளில் அடைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"எங்கடா போற?"

"மத்தவனுங்க வீட்டுக்கு. அங்க எடம் இருக்கு."

"நான் பொய் சொல்லியிருக்கணுமா?"

"ஒன்னுமே சொல்லாம இருந்திருக்கலாம். வாயில்லாம நிக்கிறதுதான நம்ம வேலை? இத்தன வருஷம் அப்படித்தான நின்னோம்?" பிரிஸ்கோ கதவை அறைந்து சாத்தினான். "உனக்கும் ஒரு வாய் முளைச்சிருச்சு. சந்தோஷமா இரு."

வியாழக்கிழமை மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். பிரிஸ்கோதான் என்று நினைத்து ஏமஸ் ஓடிப்போய்த் திறந்தான். வாசலில் பந்தோடு பெக்கட் நின்றான். கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றான்; விலா வலி.

"வெளிய வா."

"எதுக்கு?"

"சனிக்கிழமை மிசிசிப்பில ஆடப் போறோம். அங்க பாக்க வர்றவனுங்க இரும்புப் பலகைல ஏறி நின்னு மிதிப்பானுங்க. என் குரல் உனக்குக் கேக்காது. உன் தலைய வெச்சு எதிராளுங்க என்னை மறுபடி கொல்லுவானுங்க. எனக்கு இந்த ஊர் பிடிக்கல, உன்னையும் பிடிக்கல. ஆனா சனிக்கிழமை ராத்திரி என் கால்ல நானே நடந்து பஸ் ஏறணும்."

கார்கள் நிறுத்தும் வெளியில், தார் கொதிக்கிற வெயிலில், ஏமஸ் குனிந்தான். குனிந்தபடியே சொன்னான்: "மொதல்ல அந்த நாலு பேருகிட்டயும் மன்னிப்புக் கேளு."

"நான் சொன்னது பொய்யா?"

"பொய்யில்ல. அத எங்க மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும்."

"சொன்னேன். போடான்ன."

"மறுபடி சொல்லியிருக்கணும். மைக்கு கிட்ட போற தூரத்துல பாதிகூட இல்ல எங்க பெஞ்சு."

ஏமஸ் காலிடுக்கு வழியாகப் பார்த்தான். தலைகீழாகத் தெரிந்த பெக்கட் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன்" என்றான் கடைசியில். "குனி. பேசாம குனி."

புது ஏற்பாடு இதுதான்: பெக்கட் இடது காலைத் தூக்கினால் தலை நிமிர்ந்ததும் பந்து. வலது கால் என்றால் ஒன்று எண்ணி. குதிகாலை மட்டும் தூக்கினால், எவ்வளவு நேரமானாலும் எதிராளி பொறுமையிழந்து பாய்கிற வரைக்கும் காத்திருப்பது. சொல்வதற்கு எளிது. நான்கு வருஷப் பழக்கம் ஏமஸின் கழுத்திலும் மணிக்கட்டிலும் ஊறிக் கிடந்தது. தலை நிமிர்ந்தால் கை தானாக ஒன்று எண்ணிப் பந்தை விட்டது.

"மாடு" என்றான் பெக்கட். "வலது கால். எது வலதுன்னு தெரியுமா?"

"தலைகீழாப் பாக்கிறேன்டா, எருமை. எனக்கு உன் வலது இடதாத் தெரியுது."

அது பெக்கட்டுக்குத் தோன்றியிருக்கவில்லை. இடது பூட்ஸில் வெள்ளைப் பட்டை ஒன்றைச் சுற்றிக்கொண்டான். வெயில் சாய்கிற வரை திட்டிக்கொண்டே கொடுத்தார்கள், திட்டிக்கொண்டே வாங்கினார்கள். போகும்போது பெக்கட் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. ஏமஸும் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை, மிசிசிப்பியில் வார்டெல் கல்லூரியின் மைதானம். பகல் ஆட்டம். இரும்புப் பலகைகளை ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்த மிதியில் பல் கூசியது. டெல்மான்ட் ஆட்கள் உள்ளே வந்ததுமே கூட்டத்தில் ஒரு பகுதி பாய்களை விரித்துப் படுத்துக்கொண்டு கையைக் காலை ஆட்டியது. பெக்கட்டின் பேட்டி அங்கேயும் வந்து சேர்ந்திருந்தது.

முதல் பாதி முன்பைவிடக் கேவலம். முன்வரிசையில் ஒருவரோடொருவர் பேச்சில்லை. பிரிஸ்கோ தன் வேலையைச் செய்தான். அதற்கு மேல் ஒரு விரலும் அசைக்கவில்லை. ஏமஸுக்குக் கால் கணக்குக் குழம்பிக்கொண்டே இருந்தது. தங்கள் கோலுக்கு மிக அருகில் நின்ற ஒரு தருணத்தில், பெக்கட் குதிகாலைத் தூக்கியதை முழுக் கால் என்று எடுத்துக்கொண்டு பந்தை விட்டான். பெக்கட் அப்போது வேறு யாருக்கோ கை காட்டிக்கொண்டிருந்தான். பந்து அவன் தலைக்கு மேல் பறந்து கோல் பகுதிக்குள் உருண்டது. துரத்திப் போய் அதன்மேல் விழுந்த பெக்கட்டின் மேல் நான்கு பேர் விழுந்தார்கள். சொந்தக் கோல் பகுதிக்குள்ளேயே அமுக்கப்பட்டதால் வார்டெலுக்கு இரண்டு புள்ளி. பாதி முடிந்தபோது பன்னிரண்டுக்குச் சைபர்.

பெக்கட் புல் ஒட்டிய வாயோடு பெஞ்சுக்கு வந்தான். ஏமஸின் முன்னால் முட்டி போட்டான். ஏமஸ் கையை ஓங்குவான் என்று எல்லாரும் பார்த்தார்கள்.

"குதிகால நீ பாக்கல" என்றான் பெக்கட்.

"ஆமா, பாக்கல."

"அது கண்ணுக்குத் தெரியல. குதிகால விடு. முட்டிய ரெண்டு கையாலயும் தட்டுறேன். தெரியுமா?"

"தெரியும்." ஏமஸ் மற்ற நால்வரையும் திரும்பிப் பார்த்துக் கத்தினான். "கேட்டீங்களா? முட்டியத் தட்டினா, யாரும் அசையக் கூடாது. அவனுங்க பாயுற வரைக்கும் சிலையாட்டம் நிக்கணும்."

மூன்று பேர் தலையசைத்தார்கள். பிரிஸ்கோ தண்ணீரைத் துப்பினான்.

இரண்டாம் பாதியில், மூன்றாவது தடவை பந்து கிடைத்தபோது, பெக்கட் முட்டியைத் தட்டினான். ஏமஸ் தலையை நிமிர்த்தினான். எதிரே நின்ற தாடிக்காரனின் விரல்கள் புல்லில் அழுந்துவதைப் பார்த்தான். ஒன்று. கை துடித்தது, பிடித்துக்கொண்டான். இரண்டு. இரைச்சல் காதைப் பிளந்தது. தாடிக்காரன் பாய்ந்தான். பந்து அசையாமல் கிடக்க, அவன் கோட்டைத் தாண்டி ஏமஸின் தோளுக்கு வந்துவிட்டான். அந்தக் கணத்தில் ஏமஸ் பந்தை விட்டான். நடுவர்கள் மஞ்சள் துணியை வீசினார்கள். பந்து அசையுமுன் பாய்ந்த குற்றம் வார்டெலுடையது, இந்த ஒரு வீச்சில் என்ன நடந்தாலும் டெல்மான்ட்டுக்கு நஷ்டமில்லை. பெக்கட்டுக்கு அது தெரியும். கண்ணை மூடிக்கொண்டு எறிகிறவன் மாதிரி தொலைதூரத்துக்கு வீசினான். அங்கே ஓடிக்கொண்டிருந்தவன் பிடித்தான். ஓடினான். யாரும் அவனைத் தொடவில்லை.

நான்கு வாரத்தில் முதல் டச்டவுன். பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகு வார்டெல் ஆட்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாயலாமா, காத்திருக்கலாமா? அந்தத் தயக்கம் போதுமாக இருந்தது. பெக்கட் நின்றான். நின்றபோது வீசினான். சில சமயம் தவறாகவும் வீசினான். ஏமஸ் அவனைத் திட்டினான், அவன் ஏமஸைத் திட்டினான். ஆட்டம் முடியும் தறுவாயில் எதிர்க் கோலுக்கு ஒரு கெஜம் முன்னால் வந்து நின்றார்கள். பன்னிரண்டுக்கு ஏழு.

வெளியிலிருந்து மெக்ரே சைகை காட்டினார். வீசுவது இல்லை. நேராக முட்டித் தள்ளுவது. சென்டருக்கும் இடது பக்கத்துக்காரனுக்கும் நடுவில்.

அதாவது ஏமஸும் பிரிஸ்கோவும் சேர்ந்து தாடிக்காரனை ஒரே ஆளாகத் தூக்க வேண்டும். இடுப்போடு இடுப்பு ஒட்டி, ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில். இதற்கு அவர்கள் நான்கு வருஷமாக ஒரு உறுமலை வைத்திருந்தார்கள். ஏமஸ் உறுமினான். பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. இரைச்சலில் கேட்கவில்லையா, அவன் உறுமவே இல்லையா என்று ஏமஸுக்குத் தெரியவில்லை. இவன் ஒதுங்கிவிட்டால் என்னாகும் என்ற ஒரு நினைப்பு வந்தது. அதற்கு மேல் நேரமில்லை. பந்தை விட்டுத் தோளைக் கொடுத்தான்.

இடது இடுப்பில் அந்தப் பழகின பாரம் வந்து மோதியது. ஒட்டியது. இருவரும் தாடிக்காரனைத் தரையிலிருந்து கிளப்பிப் பின்னால் கொண்டுபோனார்கள். முதுகுக்குப் பின்னால் பந்தோடு யாரோ மோதி, அவர்கள் மேலேயே ஏறி விழுந்தார்கள். நடுவரின் இரண்டு கைகளும் மேலே போயின: டச்டவுன், ஆறு புள்ளி. அடுத்து ஒரு உதை, ஒரு புள்ளி. பதினான்குக்குப் பன்னிரண்டு.

குவியலுக்கு அடியிலிருந்து முதலில் எழுந்தவன் ஏமஸ். கீழே கிடந்த பிரிஸ்கோவுக்குக் கை நீட்டினான். பிரிஸ்கோ அந்தக் கையைப் புறங்கையால் தட்டிவிட்டு, முட்டியை ஊன்றித் தானே எழுந்தான்.

"அந்த ஒரு கெஜம் டெல்மான்ட்டுக்கு" என்றான். "உனக்கில்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை, பயிற்சிக்கூடத்தில் பனிக்கட்டி கொட்டிய தொட்டிக்குள் ஏமஸ் மார்பு வரை மூழ்கி உட்கார்ந்திருந்தான். பல் கிடுகிடுத்தது. எல்மோர் மாமா ஐந்து முறை போன் போட்டிருந்தார், எடுக்கவில்லை. பக்கத்துத் தொட்டியில் முனகிக்கொண்டே பெக்கட் இறங்கினான். விலாவில் ஊதாவும் மஞ்சளுமாக ஒரு பெரிய வீக்கம்.

கதவு திறந்தது. தோளில் துண்டோடு பிரிஸ்கோ வந்தான். மூன்றாவது தொட்டி காலியாக இருந்தது. இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தான். அப்படியே திரும்பிப் போய்விட்டான். கதவு தானாக மூடிக்கொண்டது.

"அவன் இனி உன்னோட பேச மாட்டானா?" என்றான் பெக்கட்.

"அது உனக்குத் தேவையில்லாதது."

"சரி." பெக்கட் பனிக்கட்டியை விலக்கிக் கையை அமிழ்த்தினான். "அடுத்த வாரம் ஆடுறவனுங்களும் நேத்து ஆட்டத்த வீடியோவுல பாப்பானுங்க. முட்டியத் தட்டுறது இனிமே வேலைக்கு ஆகாது. வேற வெக்கணும்."

"தெரியும்."

"செவ்வாய்க்கிழமை வரேன்."

"வா. தண்ணி பாட்டில் நீயே எடுத்துட்டு வா" என்றான் ஏமஸ்.